ஒரு வரி கூடுதல்

மூன்று சொற்களை ஒரே மூச்சில் கேட்பார்கள்:
தூண்டுதல், மிரட்டல், வாக்குறுதி.
இவற்றில் ஏதேனும் இருந்ததா?
பதினாறு வருடமாக அந்த மூன்றையும்
தமிழாக்கித் தருகிறேன்,
கடைக்காரர் சில்லறை எண்ணிப் போடுகிற மாதிரி.

இன்று சாட்சிக் கூண்டில் நான்.
ஹேவலாக் சதுக்கத்து உயர்ந்த கட்டடத்தில்
வழக்குக்குள் ஒரு குட்டி வழக்கு.
அந்தத் தாளை ஏற்கலாமா, கூடாதா,
அது மட்டும்தான் இன்றைக்கு.
மொழிபெயர்ப்பாளர் மேசையில்
என் வழக்கமான நாற்காலியில் வைதேகி.
அதன் உயரத்தைக்கூட மாற்றியிருக்கிறாள்.

தாளில் இருப்பது:
வீரபத்திரன், வயது இருபத்தொன்பது.
துவாஸ் தளம், செப்புக் கம்பிச் சுருள் நான்கு.
"நான்தான் எடுத்தேன். தப்புதான்."
பக்கத்துக்குப் பக்கம் மூன்று கையெழுத்து.
அவனுடையது, இன்ஸ்பெக்டர் லோவுடையது,
பிறகு என்னுடையது.

தாளில் இல்லாதது:
கண்டோன்மென்ட் வளாகம், இரவு ஒன்று நாற்பது.
கேமரா இல்லாத அறை.
லோ நல்லவர். குரலை உயர்த்தவில்லை.
மைலோ பாக்கெட்டில் குழாயைக் குத்தி
அவன் பக்கம் நகர்த்தினார்.
"அவசரமில்லை, யோசித்துச் சொல்லட்டும்" என்றார்.
அதைத் தமிழில் சொன்னேன்.
சொல்லிவிட்டு,
அதே குரலில், முற்றுப்புள்ளி வைக்காமல்,
"சொல்லிடுங்க தம்பி, சொல்லிட்டா முடிஞ்சிடும்,
போய்ப் படுக்கலாம்."

லோவுக்குத் தமிழ் தெரியாது.
கொஞ்சம் நீளுகிறதே என்று நினைத்திருப்பார்.
தமிழ் நீளமான மொழிதானே.

எனக்குப் பசி. கடைசி ரயில் போயிருந்தது.
அவ்வளவுதான்.
பெரிய காரணம் சொல்லி
என்னை நானே ஜாமீனில் எடுக்க மாட்டேன்.

அன்று முழுக்க அவனை யாரும்
தம்பி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள் போல.
"சரிக்கா" என்றான்.
அதற்குப் பிறகுதான் அந்த வரி.

தப்புதான்.
பேருந்தில் காலை மிதித்தவனும் சொல்வான்,
சில நேரம் மிதிபட்டவனும்.
பேச்சை முடிக்க நாம் வைத்திருக்கும் தாழ்ப்பாள் அது.
ஆங்கிலத்துக்குப் போனபோது
குற்றம் என்று உடை மாற்றிக்கொண்டது.
மாற்றிவிட்டவள் நான்.
லோ அதை அப்படியே தட்டச்சு செய்தார்,
ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

வக்கீல் ஓங் குறிப்பேட்டைப் பார்த்துப் படிக்கிறார்:
"மொழிபெயர்ப்பாளர் ஆறுதலாக
ரெண்டு வார்த்தை பேசினார் என்கிறார் என் கட்சிக்காரர்.
என்ன வார்த்தை என்று ஞாபகமில்லையாம்.
நல்ல வார்த்தைதானாம்."
படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போகிறார்.
தன் கையில் என்ன இருக்கிறதென்று
அவருக்கே தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் அவன்.
என்னைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறான்,
தேக்காவில் தெரிந்தவரைப் பார்த்தது போல.

விரல் பக்கத்தின் ஓரத்திலேயே இருக்க,
பேச்சுக்குக் கேட்கிறார் ஓங்:
"இன்ஸ்பெக்டர் சொல்லாத எதையாவது
நீங்களாகச் சொன்னீர்களா?"

இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில்
இரண்டே எழுத்து. நாக்கில் தயாராக இருந்தது.
உள்ளே என்னென்னவோ கணக்கு ஓடியது,
பதினாறு வருடம், செங்காங் வீட்டுத் தவணை,
நான் கையெழுத்திட்ட மற்ற தாள்கள்,
அவற்றின் எண்ணிக்கை.
வாயைத் திறந்தேன்.
வந்தது தமிழ்.

"சொன்னேன்."

பழக்கதோஷம், வைதேகி எழுந்துவிட்டாள்.
எழுந்தவள் மொழிபெயர்க்கவில்லை.
என் பக்கம் திரும்பி,
மைக்கில் விழாத குரலில்,
"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
மூன்றாமவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நீதிபதி பேனாவைத் தாளிலிருந்து தூக்கினார்.
"சாட்சி என்ன சொன்னார்?"
பிறகு, வைதேகியை நேராகப் பார்த்து,
"அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?"